மஞ்சப்பையா, பிளாஸ்டிக் கவரா? பொருள்களின் ‘முழு ஆயுள் கணக்கு’ சொல்வது என்ன?

கல்யாண வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது வாசலில் ஒரு பை கைக்கு வரும். உள்ளே தேங்காய், வெற்றிலை பாக்கு, ஒரு சாத்துக்குடி. வெளியே மணமக்கள் பெயர், தேதி, மண்டபத்தின் பெயர். வீட்டுக்கு வந்ததும் தேங்காய் சமையலறைக்குப் போகும். பை கதவுக்குப் பின்னால் உள்ள ஆணிக்குப் போகும். அந்த ஆணியில் ஏற்கெனவே ஏழெட்டுப் பைகள் தொங்கிக்கொண்டிருக்கும். மறுநாள் காய்கறிக் கடையில் நின்று, “பை எடுத்துட்டு வர மறந்துட்டேன், ஒரு கவர்ல போட்டுக் குடுங்கண்ணே” என்று கேட்பவரும் அதே வீட்டுக்காரர்தான்.

ஆணியில் தொங்கும் துணிப்பை, கடைக்காரர் தரும் கவர். இந்த இரண்டில் பூமிக்கு எது நல்லது என்று கேட்டால், பள்ளிக்கூடப் பிள்ளைகூட “துணிப்பை” என்று சொல்லிவிடும். ஆனால், பிரிட்டனிலும் டென்மார்க்கிலும் அரசு அமைப்புகளே நடத்திய ஆய்வுகள், “பருத்திப் பையைப் பல தடவை பயன்படுத்தாவிட்டால் பிளாஸ்டிக் பையைவிட அதுதான் அதிகக் கேடு” என்று சொன்னபோது பலருக்கும் தூக்கிவாரிப் போட்டது. ‘அப்போ பிளாஸ்டிக்கே தேவலையா? தமிழ்நாடு போட்ட தடை வீணா?’ என்ற கேள்வி அவ்வப்போது வாட்ஸ்அப்பில் சுற்றுவதும் இதனால்தான்.

அந்த ஆய்வுகள் பொய் இல்லை. ஆனால், அவை எதைக் கணக்கில் எடுத்தன, எதை விட்டன என்று பார்க்காமல் எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டால் முடிவு தப்பாகிவிடும்.

முழு ஆயுள் கணக்கு என்றால் என்ன?

ஒரு பொருள் மண்ணிலிருந்தோ எண்ணெய்க் கிணற்றிலிருந்தோ மூலப்பொருளாக வெளியே வருவது தொடங்கி, ஆலையில் உருவாவது, லாரியில் வருவது, வீட்டில் பயன்படுவது, கடைசியில் குப்பைக்குப் போவது வரை ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு தண்ணீர், மின்சாரம், எரிபொருள், ரசாயனம் செலவாகிறது, எவ்வளவு புகையும் கழிவும் வெளியேறுகின்றன என்று கூட்டிப் பார்ப்பதுதான் ‘வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீடு’. சுருக்கமாக எல்.சி.ஏ. என்பார்கள்.

கடையில் இருக்கும் பொருளைப் பார்த்தால் அதன் விலை தெரியும். அது வந்த பாதை தெரியாது. அந்தப் பாதையின் செலவை எழுதி வைக்கும் கணக்குப் புத்தகம் என்று இதைச் சொல்லலாம். ஒரு வீட்டுக்கு அரிசி மட்டும்தான் செலவு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வாடகை, கரண்ட் பில், மருத்துவம் எல்லாம் சேர்ந்ததுதானே மாதச் செலவு? அதே மாதிரிதான்.

இந்த முறைக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் வயதாகிறது. 1969-ல் கோகோ கோலா நிறுவனம், எந்த வகைக் கலனில் பானத்தை அடைத்தால் எவ்வளவு வளம் செலவாகும், எவ்வளவு கழிவு சேரும் என்று அமெரிக்காவின் மிட்வெஸ்ட் ஆராய்ச்சி நிறுவனத்தைக் கொண்டு கணக்கிட வைத்தது. இதைத்தான் இந்தத் துறையின் தொடக்கம் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். பிறகு ஆளுக்கொரு முறையில் கணக்குப் போட்டு, ஆளுக்கொரு விடை சொல்ல ஆரம்பித்ததால், பொது விதிகள் தேவைப்பட்டன. 1997-ல் ஐ.எஸ்.ஓ. 14040 தரநிலை வந்தது. 2006-ல் அது திருத்தப்பட்டு, ஐ.எஸ்.ஓ. 14044-ம் சேர்ந்துகொண்டது. இன்றுவரை உலகம் முழுக்க இந்த இரண்டுதான் அடிப்படை.

நான்கு படிகள்

முதல் படி, எதை ஒப்பிடுகிறோம் என்று தீர்மானிப்பது. ‘ஒரு துணிப்பைக்கு ஒரு பிளாஸ்டிக் பை’ என்று ஒப்பிட்டால் அது நியாயமான ஒப்பீடாகாது. இரண்டும் செய்யும் வேலை ஒன்றாக இருக்க வேண்டும். 2011-ல் வெளியான பிரிட்டன் சுற்றுச்சூழல் முகமையின் ஆய்வு, ‘ஒரு வீட்டின் ஒரு மாதக் கடைச் சாமான்களை, அதாவது 483 பொருள்களை வீட்டுக்குக் கொண்டுபோவது’ என்ற வேலையை அளவாக வைத்துக்கொண்டது. எல்லை எது என்பதையும் இதே படியில் முடிவு செய்ய வேண்டும். ஆலை வாசலோடு கணக்கை நிறுத்துவதா, குப்பைமேடு வரை போவதா?

இரண்டாவது, பட்டியல் போடுவது. ஒவ்வொரு கட்டத்திலும் உள்ளே போனது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு என்று கிலோ, லிட்டர், யூனிட் கணக்கில் எழுத வேண்டும். அதிக நேரம் பிடிப்பது இந்தப் படிதான்.

மூன்றாவது, அந்தப் பட்டியலைப் பாதிப்பாக மாற்றுவது. புவி வெப்பமாதல், தண்ணீர்ச் செலவு, நீர்நிலைகளில் ஊட்டச்சத்து பெருகி பாசி படர்வது, நச்சுத்தன்மை, ஓசோன் படலச் சிதைவு என்று தனித்தனித் தலைப்புகளில் எண் வரும்.

நான்காவது, விடையைச் சரிபார்த்துப் புரிந்துகொள்வது. ஓர் அனுமானத்தைக் கொஞ்சம் மாற்றினால் விடை தலைகீழாகிறதா என்று பார்ப்பதும் இங்கேதான். ஒரு பொருள் இன்னொன்றைவிட மேல் என்று பொதுவெளியில் அறிவிக்கப் போகிறார்கள் என்றால், வெளியாட்கள் அடங்கிய குழு அந்த ஆய்வைப் பரிசீலிக்க வேண்டும் என்பது ஐ.எஸ்.ஓ. விதி.

துணிப்பை வந்த வழி

பருத்திப் பையின் ஆயுள் வயலில் தொடங்குகிறது. தண்ணீர், பூச்சிமருந்து, உரம் மூன்றும் அங்கேயே செலவாகின்றன. வயலில் போடும் யூரியாவின் ஒரு பகுதி நைட்ரஸ் ஆக்சைடாகக் காற்றில் கலக்கும். அது கார்பன் டை ஆக்சைடைவிட ஏறத்தாழ 273 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு. அடுத்து பஞ்சிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் ஜின்னிங் ஆலை, நூற்பாலை, விசைத்தறி. ஒவ்வொன்றுக்கும் கரண்ட் வேண்டும். பிறகு சலவை, சாயம், அச்சு, தையல்.

உலகச் சராசரியில் ஒரு கிலோ பருத்தித் துணிக்குச் சுமார் 10,000 லிட்டர் தண்ணீர் ஆகிறது என்று ‘நீர்த் தடம்’ குறித்த ஆய்வுகள் கணக்கிட்டுள்ளன. இதில் மழைநீரும் பாசனநீரும் சேர்த்திதான். அந்தக் கணக்கில் 100 கிராம் எடையுள்ள பைக்கு 1,000 லிட்டர் வரும். மொட்டை மாடியில் இருக்கும் ஒரு தண்ணீர் டேங்க் காலியானால் ஒரு பை.

கவர் வந்த வழி

பிளாஸ்டிக் கவருக்கு வயலும் இல்லை, சாயப்பட்டறையும் இல்லை. கச்சா எண்ணெய் அல்லது இயற்கை எரிவாயுவிலிருந்து எத்திலீன், அதிலிருந்து பாலிஎத்திலீன் குருணை. அதை உருக்கி, பலூன் மாதிரி ஊதி, மெல்லிய தாளாக்கி வெட்டினால் பை தயார். ஒரு பைக்குச் செலவாகும் பிளாஸ்டிக் சில கிராம்தான். எடை குறைவு என்பதால் எல்லாமே குறைவு. பிரிட்டன் ஆய்வில் எடுத்துக்கொண்ட சாதாரண கவரின் சராசரி எடை 8 கிராம். பருத்திப் பையின் எடை சுமார் 180 கிராம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இன்று நாம் பார்க்கும் கைப்பிடி வைத்த கவரை வடிவமைத்தவர் ஸ்டென் குஸ்டாஃப் துலின் என்ற ஸ்வீடன் பொறியாளர். 1965-ல் அதற்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. காகிதப் பைக்காக மரங்கள் வெட்டப்படுவதைக் குறைக்கலாம், மடித்துப் பையில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம் என்பதுதான் அவருடைய எண்ணமாக இருந்தது என்று அவர் மகன் பின்னாளில் சொன்னார். பொருளின் வடிவத்தில் இருந்த நல்ல எண்ணம், பயன்படுத்திய விதத்தில் காணாமல் போய்விட்டது.

131 என்ற எண்

பிரிட்டன் ஆய்வின் விடை இதுதான். புவி வெப்பமாதலை மட்டும் பார்த்தால், ஒரே ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கி எறியும் சாதாரண கவரோடு சமமாக வர, காகிதப் பையை 3 தடவை, கனமான பிளாஸ்டிக் பையை 4 தடவை, நெய்யாத பாலிபுரொப்பிலீன் பையை 11 தடவை, பருத்திப் பையை 131 தடவை பயன்படுத்த வேண்டும். வீட்டுக்கு வந்த எல்லாக் கவர்களையும் குப்பைக் கூடைக்குள் போடும் உறையாக இன்னொரு தடவை பயன்படுத்துகிறார்கள் என்று வைத்துக்கொண்டால், பருத்திப் பைக்கான எண் 327 ஆகிவிடுகிறது.

2018-ல் வந்த டென்மார்க் ஆய்வில் பருத்திப் பைக்கு எண் 52. அதே ஆய்வில் எல்லாப் பாதிப்புகளையும் சேர்த்துப் பார்த்தால் 7,100! தலைப்புச் செய்தியானது இந்த இரண்டாவது எண்தான். ஓசோன் படலச் சிதைவு என்ற ஒரே அளவுகோலில் பருத்தி மோசமாக இருந்ததால் வந்த எண் அது. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2020-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, பருவநிலையைப் பொறுத்தவரை பருத்திப் பையை 50 முதல் 150 தடவை பயன்படுத்தினால் அது ஒருமுறை பயன்படும் பிளாஸ்டிக் பையைவிட மேல் என்று சொன்னது.

52, 131, 327, 7,100. ஒரே பைக்கு இத்தனை விடை. இதில் யாரும் தப்பாகக் கூட்டவில்லை. கேள்வியை வேறு வேறு விதமாகக் கேட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். அதனால் யாராவது ஒரு எண்ணைச் சொன்னால், எந்தப் பாதிப்புக்கு, எதோடு ஒப்பிட்டு, எவ்வளவு எடையுள்ள பைக்கு என்று மூன்று கேள்வி கேட்டே ஆக வேண்டும்.

அப்படியானால் தடை வீணா?

இல்லை. காரணம், அந்த ஆய்வுகளின் எல்லைக் கோட்டிலேயே இருக்கிறது. தெருவில் வீசப்படும் குப்பையின் பாதிப்பைத் தாங்கள் கணக்கில் சேர்க்கவில்லை என்று பிரிட்டன் ஆய்வே சொல்கிறது. டென்மார்க் ஆய்வும் தங்கள் நாட்டில் குப்பை வீசப்படுவது மிகக் குறைவு என்று அதை விட்டுவிட்டது. அங்கே பெரும்பாலும் பை குப்பைத் தொட்டிக்குப் போகும். தொட்டியிலிருந்து எரியூட்டும் ஆலைக்குப் போகும். அந்த வெப்பத்தில் மின்சாரமும் வீடுகளுக்கான சூடும் கிடைக்கும். அந்த மின்சாரம் பிளாஸ்டிக் பையின் வரவுக் கணக்கில் ஏறும்.

இங்கே கவர் போகும் இடம் வேறு. மழைநீர் வடிகால், வாய்க்கால், ஏரி, மாட்டின் வயிறு, கடல். சென்னையில் பெருங்குடி குப்பைக்கிடங்கு இருப்பதே பள்ளிக்கரணை சதுப்புநிலத்தை ஒட்டித்தான். வங்கதேசம் 2002-ல் மெல்லிய பாலித்தீன் பைகளைத் தடை செய்தது. உலகில் முதலில் அப்படிச் செய்த நாடு அதுதான். 1988, 1998 பெருவெள்ளங்களின்போது வடிகால்களைப் பைகள் அடைத்துக்கொண்டது அந்த முடிவுக்கு முக்கியக் காரணம். அடைத்த வடிகாலுக்கும் மூழ்கிய வீட்டுக்கும் எல்.சி.ஏ. பட்டியலில் தனித் தலைப்பு கிடையாது.

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகை பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. 2021 டிசம்பர் 23-ல் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கியது. கோயம்பேடு சந்தையில் 10 ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் இயந்திரமும் வந்தது. தடைக்கான நியாயம் வடிகாலிலும் சதுப்புநிலத்திலும் இருக்கிறது. அந்த நியாயம் நிலைக்க வேண்டும் என்றால், மஞ்சப்பை ஆணியில் தொங்காமல் கடைக்குப் போக வேண்டும். ‘மீண்டும்’ என்ற சொல்லுக்கு எல்.சி.ஏ. தரும் பொருளும் அதுதான்.

சுமை எங்கே போகிறது?

முழு ஆயுளையும் பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நொய்யல் ஆறு ஒரு பாடம். உலகத்துக்கே பனியன் கொடுத்த திருப்பூரின் சாயக்கழிவு பல ஆண்டுகள் நொய்யலில் கலந்தது. பாசனத்துக்காகக் கட்டப்பட்டு 1992-ல் பயன்பாட்டுக்கு வந்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயத் தண்ணீர் தேங்கியது. கீழே இருந்த விவசாயிகளுக்கு நிலமும் கிணறும் கெட்டன. கடையில் வாங்கிய பனியனின் விலையில் அந்தக் கிணற்றின் விலை சேரவே இல்லை.

விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது; 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. ஒரு சொட்டுக் கழிவுநீர்கூட வெளியே விடாமல், சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் முறைக்கு மாறினால்தான் இயங்கலாம் என்ற நிலை வந்தது. மாறினார்கள். ஆனால், சவ்வூடு பரவல் இயந்திரத்துக்கும் தண்ணீரை ஆவியாக்கும் இயந்திரத்துக்கும் ஏராளமான மின்சாரமும் எரிபொருளும் வேண்டும். கடைசியில் மிஞ்சும் கலப்பு உப்பை என்ன செய்வது என்ற கேள்வியும் மூட்டை மூட்டையாகச் சேர்கிறது.

ஆற்றிலிருந்து இறங்கிய சுமையில் ஒரு பகுதி மின்சாரத்துக்கும் உப்புக் கிடங்குக்கும் இடம் மாறியிருக்கிறது. அதனால் அந்த முறை தப்பு என்று ஆகாது. ஆறு பிழைப்பது முக்கியம். ஆனால், சுமை எங்கே போனது என்று தெரிந்தால்தான் அடுத்த கட்டமாகச் சூரிய மின்சாரம், குறைந்த உப்பில் சாயமேற்றும் முறை என்று யோசிக்க முடியும். எல்.சி.ஏ.வின் பெரிய பயனே இதுதான்.

பாரம் எல்லாப் பொருளிலும் ஒரே இடத்தில் இல்லை

பைக்குப் பாரம் தயாரிப்பில் இருக்கிறது. மின்விசிறிக்கு வேறு கதை. சாதாரண சீலிங் ஃபேன் சுமார் 75 வாட் இழுக்கும், பி.எல்.டி.சி. ஃபேன் சுமார் 30 வாட்தான். ஒரு நாளைக்கு 12 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் ஓடினால் மிச்சமாவது 162 யூனிட். இந்திய மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்று வைத்தால், ஒரு ஃபேனில் ஆண்டுக்கு ஏறத்தாழ 113 கிலோ. இப்படிப்பட்ட பொருளில், “பழசு நல்லாத்தானே ஓடுது” என்று வைத்திருப்பதைவிட மாற்றுவது மேலாக இருக்கலாம். பையில் பழசை வைத்திருப்பதே மேல்.

ஜீன்ஸ் பேன்ட்டில் இரண்டும் உண்டு. லீவைஸ் நிறுவனம் தன் 501 ரக பேன்ட்டின் முழு ஆயுளுக்கும் 3,781 லிட்டர் தண்ணீர் ஆகிறது என்று 2015-ல் கணக்குச் சொன்னது. அதில் 68 சதவீதம் பெரும்பாலும் பருத்தி வயலில். 23 சதவீதம் வாங்கியவர் வீட்டில் துவைப்பதில். ஆலைக்காரர் மட்டும் திருந்தினால் போதாது, துவைப்பவரும் கொஞ்சம் யோசிக்க வேண்டும் என்று இந்தக் கணக்குதான் காட்டிக்கொடுத்தது.

இப்போது ஏன் இது பேச்சாகிறது?

ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய சூழல் வடிவமைப்புச் சட்டம் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. முதலில் கவனிக்கப்படும் பொருள்களில் துணிமணியும் ஒன்று. ஒரு பொருள் எதனால் ஆனது, சரிசெய்ய முடியுமா, மறுசுழற்சிக்கு ஏற்றதா என்பது போன்ற விவரங்களைச் சொல்லும் ‘டிஜிட்டல் பாஸ்போர்ட்’ கட்டம் கட்டமாக வரப்போகிறது. அங்கே பனியன் விற்கும் திருப்பூருக்கு இது நேரடி விஷயம். பெரிய ஏற்றுமதியாளர் ஆள் வைத்துக் கணக்கு எழுதிவிடுவார். பத்துத் தையல் மெஷின் வைத்து ஜாப் ஒர்க் செய்பவர், கரண்ட் யூனிட்டையும் நூல் வந்த இடத்தையும் எழுதி வைக்கும் பழக்கத்துக்கு வந்தால்தான் அந்தச் சங்கிலியில் நீடிக்க முடியும்.

உள்ளூரிலும் விதி மாறியிருக்கிறது. ‘இயற்கைக்கு உகந்தது’, ‘பசுமைத் தயாரிப்பு’ என்று சும்மா அச்சடித்துவிட முடியாது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் கொண்டுவந்த வழிகாட்டு நெறிகளின்படி, அப்படிச் சொல்பவர் எந்த வகையில் உகந்தது என்று விளக்க வேண்டும். ஆதாரமும் வைத்திருக்க வேண்டும். 1991-லிருந்து இருந்த ‘ஈகோமார்க்’ முத்திரைத் திட்டமும் 2024-ல் புதிய விதிகளோடு திருத்தப்பட்டது.

வீட்டுக் கணக்கு

131 என்ற எண்ணையே கடுமையான அளவாக எடுத்துக்கொள்வோம். வாரம் மூன்று தடவை கடைக்குப் போகும் வீட்டில் ஒரே பையை எடுத்துப்போனால், 44 வாரத்தில் கணக்குத் தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு அந்தப் பை உழைப்பதெல்லாம் லாபம். கனம் குறைந்த பை என்றால் இன்னும் சீக்கிரம். நன்றாகத் தைத்த மஞ்சப்பை சில ஆண்டுகள் தாங்கும் என்பது எல்லா வீட்டுக்கும் தெரிந்ததுதான்.

ஆனால் பத்துப் பை இருந்தால்? பத்தும் சேர்ந்து 1,310 தடவை கடைக்குப் போக வேண்டும். அதே வேகத்தில் எட்டு ஆண்டுக்கு மேல் ஆகும். அதற்குள் இன்னும் எத்தனை கல்யாணம் வரும்! துணிப்பை என்ற பெயருக்காக மட்டும் எது வந்தாலும் நல்லது என்று ஆகிவிடாது. ‘இருக்கும் பையை எடுத்துப்போவது’ என்பதுதான் இந்தக் கணக்கில் எப்போதும் ஜெயிக்கும் விடை.

பழைய வேட்டியிலோ கிழிந்த பேன்ட்டிலோ தைத்த பைக்கு இந்த 131 பொருந்தவே பொருந்தாது. வயலின் தண்ணீரும் சாயமும் முதல் துணியின் செலவில் ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டன. பையின் பங்குக்குக் கொஞ்சம் நூலும் தையல் கூலியும்தான். அந்தக் காலத்துப் பாட்டிமார் எல்.சி.ஏ. படித்ததில்லை, துணியை வீணாக்கக் கூடாது என்று மட்டும் தெரிந்து வைத்திருந்தார்கள்.

கல்யாண வீட்டுக்காரர்களும் இதில் கொஞ்சம் கை கொடுக்கலாம். பெயரையும் தேதியையும் பெரிதாக அச்சடித்த பையைக் கடைக்கு எடுத்துப்போகப் பலருக்கும் கூச்சம். அச்சைச் சின்னதாக்கி, கைப்பிடியை நீளமாக்கி, அடியில் இரட்டைத் தையல் போட்டால் அந்தப் பை ஆணியைவிட்டு இறங்கும். ஐந்நூறு பேருக்குக் கொடுப்பதற்குப் பதில், ஒரு குடும்பத்துக்கு ஒன்று என்று கொடுத்தாலும் குறை ஒன்றுமில்லை.

மற்றபடி, வண்டிச் சாவிக்குப் பக்கத்திலேயே ஒரு பையை மாட்டி வைப்பதுதான் மிச்சம். கடையில், “கவர் வேணுமா?” என்று கேட்கும்போது, “வேணாம்ணே, பை இருக்கு” என்று சொல்லும் ஒவ்வொரு தடவையும் அந்த 131-ல் ஒன்று கழியும்.